கேசட்டில் மட்டும் மிஞ்சிய படம்: வேலூர்ப் பக்கத்துப் பரணிலிருந்து கணினிக்கு

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு பக்கம் பழைய வீட்டை இடிக்கும்போதும் பரணை ஒழிக்கும்போதும் விஎச்எஸ் கேசட் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் டெக்கோடு (கேசட்டை ஓட்டும் விசிஆர்) சேர்த்துக் கொண்டுவந்தது ஒரு வகை. வாடகைக் கேசட் கடையை மூடியபோது காயலான் கடைக்கு எடைக்குப் போனது இன்னொரு வகை. கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் மேலே பதிவு செய்வதற்காக வாங்கிப் போட்ட சினிமா கேசட் மூன்றாவது. இந்த மூன்றாவதை யாரும் சீண்டுவதில்லை. ஆனால் 180 நிமிட கேசட்டில் முகூர்த்தமும் பந்தியும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருந்தால், அதற்குப் பின்னால் பழைய படத்தின் கடைசிப் பகுதி அழியாமல் கிடக்கும். லேபிளை நம்பி எந்தக் கேசட்டையும் ஒதுக்கக் கூடாது; கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பெரிய நடிகர்களின் படத்துக்காக இந்தப் பாடு தேவையில்லை, அதெல்லாம் டிவியில் வாராவாரம் ஓடுகிறது. தேட வேண்டியது, என்.எஸ்.சி. ஏரியாவில் (வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டைச் சேர்த்து விநியோகஸ்தர்கள் சொல்லும் பெயர்) ஒரு வாரம் ஓடிப் பெட்டி திரும்பிய படங்களை. 1970களின் கடைசியிலும் 80களிலும் புதுசாக எதையோ செய்து பார்த்துத் தோற்றுப்போன படங்கள் அவை. பார்த்த கொஞ்சப் பேர் மட்டும் இன்றும் வசனத்தோடு சொல்வார்கள். அவற்றின் நெகட்டிவ் எங்கே என்று தயாரிப்பாளரின் வாரிசுக்கே தெரியாது. பிரிண்ட் இருந்தாலும் வினிகர் வாடை அடித்துச் சுருண்டு போயிருக்கும். அரை அங்குல டேப்பில் இருப்பதுதான் மிச்சம்.

கேசட் கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது, படம் தெளிவாக இருக்குமா என்று. விஎச்எஸ்ஸில் பக்கவாட்டுத் தெளிவு சுமார் 240 கோடுதான். அதில் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை. படம் முழுசாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வீடியோ சிடியில் ஒரு தட்டுக்கு 74 நிமிடம். இரண்டே தட்டில் அடக்குவதற்காகப் பாட்டையும் நகைச்சுவையையும் வெட்டினார்கள். பிறகு மூன்று படம் ஒரே டிவிடி என்று வந்த காலத்தில், அந்த வெட்டுப்பட்ட பிரதியையே இன்னும் பிழிந்து போட்டார்கள். பார்க்க மங்கலாக இருக்கும் வாடகைக் கேசட்தான் பல சமயம் நீளமான பிரதி.

முழுசா என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். படம் தொடங்குமுன் வரும் சென்சார் சர்டிபிகேட்டில் நீளம் மீட்டரிலும், ரீல் எண்ணிக்கையும் இருக்கும். அந்த இடத்தில் படத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தி வைத்தால், டேப்பைப் படிக்கும் ஹெட் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். பதிவு செய்து முடித்த பிறகு கணினியில் ஃபிரேம் ஃபிரேமாகப் படிக்கலாம். 35 மி.மீ. பிலிமில் ஒரு ஃபிரேமின் உயரம் 19 மி.மீ.; நொடிக்கு 24 ஃபிரேம்; ஆக நிமிடத்துக்கு 27.36 மீட்டர். 4,000 மீட்டர் படம் தியேட்டரில் 146 நிமிடம் ஓடும். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) நொடிக்கு 25 ஃபிரேம் என்பதால், 24ஐ 25ஆக ஓட்டித்தான் கேசட்டுக்கு மாற்றினார்கள். அதே படம் கேசட்டில் 140 நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். இது தெரியாமல், இல்லாத ஆறு நிமிடத்தைத் தேடிக்கொண்டு அலைகிறவர்கள் உண்டு. மீட்டரை 27.36ஆல் வகுத்து, வந்ததை 0.96ஆல் பெருக்குங்கள். அதிலிருந்து ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

குறைந்தது எங்கே என்பது அடுத்த வேலை. 1,000 அடி ரீல் ஒன்று கேசட் நேரத்தில் சுமார் 10 நிமிடம் 40 நொடி. அந்த இடைவெளியிலோ அதன் இரட்டிப்பிலோ படத்தில் கீறல் கூடி, மூலையில் வட்டப் புள்ளி வந்து, வசனம் பாதியில் துண்டித்தால் அது ரீல் முனை கிழிந்து ஒட்டிய பிரிண்ட். கேசட்காரர் மேல் பழி போட வேண்டாம். ரீலின் நடுவில், கீறல் எதுவும் இல்லாத இடத்தில் பாட்டு மொத்தமாகக் காணாமல் போயிருந்தால்தான் யாரோ வேண்டுமென்றே வெட்டியது. எந்தப் பாட்டு என்பதற்குத் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமே சாட்சி: கதைச்சுருக்கம், நடிகர் பட்டியல், பாட்டு வரிகள் எல்லாம் அதில் இருக்கும். டைட்டிலே போய்விட்ட கேசட்டை அடையாளம் காணவும் அதுவே வழி. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் சினிமா நோட்டீஸ்களும் சேகரித்து வைத்திருக்கிறார்கள். பாட்டின் முதல் வரி தெரிந்தால் படம் தெரிந்துவிடும்.

இனி கேசட். கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், முதுகுப் பக்கம் இடது ஓரத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுவது. அது போனால் எந்த டெக்கிலும் மேலே பதிவாகாது. பிறகு கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச் அடித்து டேப் சுற்றின் விளிம்பைப் பாருங்கள். வழவழவென்று கறுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைத் தூளோ நூல்போலவோ தெரிந்தால் பூசணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டு வீட்டுப் பரணில் கிடந்த கேசட்டில் இது சகஜம். பூசணம் பிடித்ததை டெக்கில் போட்டால் ஹெட் அடைபடும். அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். அதைத் தனி பிளாஸ்டிக் பையில் போட்டு ஒதுக்குங்கள்.

பூசணத்துக்கு வெயில் மருந்தில்லை. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காயவைத்தால் பூசணம் போகாது, கேசட்டின் பிளாஸ்டிக் ஓடுதான் கோணும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, இரண்டு மூன்று வாரம் நிழலில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் புதுசு போட வேண்டும். காய்ந்த பிறகே முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, படம் பார்க்கப் பயன்படாத ஒரு உதவாக்கரை டெக்கை ரீவைண்டராக வைத்து, நூல் உதிராத துணியை இருபுறமும் லேசாகத் தொடும்படி பிடித்து முழுசாகச் சுற்ற வேண்டும். துணி அழுக்காக அழுக்காக மடித்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் டேப்பின் பூச்சு கையோடு வரும்.

ஓடு உடைந்திருந்தாலும் கோணியிருந்தாலும் வேறு கேசட்டின் ஓட்டுக்கு மாற்றிவிடலாம். அடிப்பக்கம் ஐந்து ஸ்டார் ஸ்க்ரூ. லேபிள் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டியிருந்தால் பிளேடால் ஓரமாக அறுத்துவிட்டே திறக்க வேண்டும். திறக்குமுன் டேப் எந்த உருளைக்குப் பின்னால், எந்தக் கம்பிக்கு முன்னால் போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; சின்ன ஸ்ப்ரிங் ஒன்று துள்ளி ஓடும், கீழே வெள்ளைத் துண்டு விரித்து வைத்துக்கொண்டால் தேட வேண்டாம். டேப் அறுந்திருந்தால் ஒட்டுவதற்கென்றே விற்கும் ஸ்ப்ளைசிங் டேப்பை, ஹெட்டில் படாத முதுகுப் பக்கம் மட்டும் ஒட்ட வேண்டும். சாதாரண செல்லோ டேப் பசை கசிந்து ஹெட்டில் ஒட்டும். அது ஒட்டினால் டெக்கும் போச்சு, கேசட்டும் போச்சு. ஒட்டிய இடம் ஹெட்டைத் தாண்டாமல், அதற்கு முன்பும் பின்பும் தனித்தனியாக ஓட்டிப் பதிவு செய்வதே பாதுகாப்பு. இரண்டு படம் பதிந்த 240 நிமிட கேசட்டில் டேப் மெல்லிசு, சீக்கிரம் சுருங்கும். அதில் அடிக்கடி ரீவைண்ட் வேண்டாம்.

ஏசி அறையிலிருந்து எடுத்த கேசட்டை உடனே ஓட்டாதீர்கள். வெளிச்சூட்டில் ஈரம் படிந்து, டேப் டிரம்மோடு (டெக்குக்குள் ஹெட்டைத் தாங்கிச் சுழலும் உருளை) ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் அறைச் சூட்டில் விட்டு, பூசணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முன்னால் ஒரு தரம் பின்னால் ஒரு தரம் முழுசாகச் சுற்றினால் பல வருடம் ஒரே நிலையில் இறுகிக் கிடந்த சுற்று தளர்ந்து ஒழுங்காகும்.

புது டெக் கிடைக்காது. விசிஆர் தயாரித்த கடைசி நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. பழசு வாங்கும்போது பின்புறம் வோல்டேஜைப் பாருங்கள். 110 என்று மட்டும் போட்டிருந்தால் நம் ஊர் பிளக்கில் சொருகிய நொடியில் புகை. ஆன் செய்ததும் டிக் டிக் என்று தானே அணைந்து எரிந்தால் பவர் சப்ளையில் கப்பாசிட்டர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது சின்னச் செலவு. உள்ளே ரப்பர் பெல்ட்டும், ரீலைச் சுற்றும் ஐட்லர் டயரும் இளகிப் போயிருக்கும். டெக் டேப்பைத் தின்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்: டேப்பை நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும், மறுபக்கம் ரீல் வாங்கிக்கொள்ளாது, டேப் உள்ளே குவியும். அதனால் முதலில் உதவாத கேசட் ஒன்றைப் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டி, வெளியே எடுத்துக் கதவைத் தூக்கிப் பார்க்க வேண்டும். டேப் தொங்கினாலோ விளிம்பு மடிந்தாலோ நல்ல கேசட் உள்ளே போகக் கூடாது.

ஹெட் சுத்தம் செய்வதில்தான் அதிகம் பேர் டெக்கைக் கெடுக்கிறார்கள். டிரம்மில் உள்ள பட ஹெட்டுக்குப் பஞ்சுக் குச்சி கூடாது. நூல் மாட்டினால் ஹெட் முனை பிய்ந்து வரும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த ஷாமாய் தோலை டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் வைத்து, இன்னொரு கையால் டிரம்மின் தலையைப் பிடித்து மெதுவாகச் சுற்ற வேண்டும். தோலை மேலும் கீழும் இழுக்கவே கூடாது. தோல் ஊரில் இருக்கிறோம், ஆம்பூரில் துண்டு கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைப்பீர்கள். ஷூவுக்குப் போகும் தோலில் மேல்பூச்சு உண்டு, அது ஹெட்டில் படியும். எண்ணெயில் பதனிட்ட, பூச்சில்லாத, மெத்தென்ற தோலாகக் கேளுங்கள். ஒலி ஹெட்டுக்கும் கேப்ஸ்டன் தண்டுக்கும் பஞ்சுக் குச்சி போதும். டேப்பைத் தண்டோடு அழுத்தும் பிஞ்ச் ரோலர் ரப்பருக்கு ஆல்கஹால் வேண்டாம், சோப்புத் தண்ணீரே போதும். பத்து நிமிடம் காயவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

ஓட்டும்போது கண்ணில் படுவதை வைத்து நோயைச் சொல்லலாம். படத்தின் குறுக்கே நிற்கும் புள்ளிப் பட்டை டிராக்கிங் கோளாறு (ஹெட் டேப்பின் தடத்தில் சரியாகப் படவில்லை), டெக்கில் டிராக்கிங்கைத் திருகினால் நகரும். திருகினாலும் நகராமல் படம் முழுக்க பனிபோல் புள்ளி என்றால் ஹெட் அழுக்கு. மேல்விளிம்பு கொடிபோல் ஒருபக்கம் வளைந்தால் நேர ஒழுங்கு தப்பியிருக்கிறது, டெக்கைத் திருகிப் பயனில்லை. அடியில் ஓரிரு விரல் உயரத்துக்கு ஒரு கலங்கல் பட்டை எல்லாக் கேசட்டிலும் உண்டு. ஹெட் மாறும் இடம் அது. அந்தப் பட்டைக்கு மேலேயே இன்னொரு பட்டை தெரிந்தால் அது நகலின் நகல். ஒரே படத்துக்கு இரண்டு கேசட் கிடைக்கும்போது எது மூலத்துக்குப் பக்கம் என்று இதை வைத்தே முடிவு செய்யலாம். லேபிளின் அழகை வைத்து அல்ல.

ஒலி மூடிய மாதிரி, மூக்கடைத்துப் பேசுவதுபோல் இருந்தால், ஒலி ஹெட்டின் சாய்வு பதிவு செய்த டெக்கோடு பொருந்தவில்லை. ஹெட்டின் பக்கத்தில் உள்ள, இந்தச் சாய்வை மாற்றும் அசிமத் ஸ்க்ரூவின் இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொண்டு, கால் சுற்றுக்குள் முன்னும் பின்னும் திருப்பினால் ஒரு இடத்தில் ‘ச’வும் ‘ஸ’வும் பளிச்சென்று கேட்கும். அங்கே விடுங்கள். வேலை முடிந்ததும் குறித்த இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

கணினிக்கு ஏற்றும்போது, டெக்கைக் கணினியோடு இணைக்க விற்கும் மலிவான யுஎஸ்பி குச்சியைத் தவிருங்கள். கெட்டுப்போன கேசட்டில் சிக்னல் தடுமாறும் ஒவ்வொரு தடவையும் அது ஃபிரேமை விழுங்கும், அரை மணி நேரத்தில் உதடு ஒன்று பேச ஒலி ஒன்று பேசும். டெக்குக்கும், படத்தைக் கணினிக்குள் வாங்கும் கேப்சர் கார்டுக்கும் நடுவில், சிக்னலின் நேர ஒழுங்கைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் இருந்தால் மேல்விளிம்பு வளைவும் இதுவும் பெரும்பாலும் தீரும். தனியாக வாங்க விலை அதிகம். பானசோனிக்கின் டிஎம்ஆர் இஎஸ்10, இஎஸ்15 என்ற பழைய டிவிடி ரெக்கார்டர்களில் சிக்னலை உள்ளே விட்டு வெளியே எடுத்தாலே படம் நிமிர்ந்து நிற்கும். டிவிடி டிரைவ் செத்ததாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த வேலைக்கு அது தேவையில்லை. டெக்கில் எஸ்-வீடியோ வசதி (வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக அனுப்பும் இணைப்பு) இருந்தால் மஞ்சள் கேபிளை விட்டு அதையே பயன்படுத்துங்கள்.

கேப்சர் மென்பொருளில் வைக்க வேண்டிய அமைப்பு: 720க்கு 576, இன்டர்லேஸ்டு (ஒரு ஃபிரேமை ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என இரண்டு ஃபீல்டாகப் பிரித்தபடியே), நிறத்துக்கு 4:2:2, இழப்பில்லாத சுருக்கம் (ஹஃப்ஒய்யுவி அல்லது எஃப்எஃப்வி1), ஒலி 48,000 ஹெர்ட்ஸ் சுருக்காத பிசிஎம். சுருக்காமல் எடுத்தால் மணிக்கு 75 ஜிபி ஆகும். இழப்பில்லாத சுருக்கத்தில் அதில் பாதி அளவு. 140 நிமிடப் படத்துக்கு 100 ஜிபி காலியாக இருந்தால் போதும். நேரே எம்பி4 ஆகப் பதிவு செய்கிறவர்கள் அதிகம். டேப்பின் இரைச்சலையும் சேர்த்துச் சுருக்கப் பார்த்து முகங்கள் கட்டம் கட்டமாகிவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளை வேட்டி, வானம் வரும் காட்சியில் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம், வெள்ளையின் எல்லையான 235ஐத் தாண்டுகிறதா என்று பார்த்து, தாண்டினால் கேப்சர் அமைப்பில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

முதல் ஓட்டத்திலேயே பதிவைத் தொடங்கிவிட வேண்டும். அடுத்த ஓட்டம் இதைவிட நன்றாக வரும் என்று உறுதியில்லை. டேப் தாங்குமானால் மூன்று தரம் எடுங்கள். வெள்ளைப் புள்ளி விழுவது பெரும்பாலும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒவ்வொரு இடத்தில் விழும்; மூன்று பதிவையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் பொருத்தி, ஏவிசிந்த் என்ற மென்பொருளில் நடு மதிப்பை மட்டும் எடுத்தால் புள்ளிகள் மறையும், படத்தின் கூர்மை குறையாது. கூர்மையைத் தின்னும் இரைச்சல் நீக்கி எதையும்விட இது மேல்.

பிறகு, ஒரு ஃபீல்டை விட்டு மற்றதை நிரப்பும் டீஇன்டர்லேஸ் பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். சினிமாவிலிருந்து வந்த பால் கேசட்டில் இரண்டு ஃபீல்டும் ஒரே ஃபிரேமுடையவை. சேர்த்தாலே முழு ஃபிரேம். சில நகல்களில் ஒரு ஃபீல்டு தள்ளிப் போயிருக்கும், சீப்புப் பல்போல் கோடு தெரியும். அதற்கு, ஒரே ஃபிரேமின் இரண்டு ஃபீல்டையும் ஜோடி சேர்க்கும் ஃபீல்டு மேட்ச் செய்ய வேண்டும். டீஇன்டர்லேஸ் செய்தால் செங்குத்துத் தெளிவில் ஏறக்குறைய பாதி வீணாகும். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் இன்னொரு லாபம். 1978இல் வந்த ‘அவள் அப்படித்தான்’ போல, கலர் வந்த பின்னும் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்கள் இந்தத் தேடலில் அடிக்கடி வரும். அவற்றில் நிறச் சிக்னலை மொத்தமாக எடுத்துவிட்டால், விஎச்எஸ்ஸின் பச்சை, ஊதாத் திட்டுகள் ஒரேயடியாகப் போய்விடும்.

வேகத்தைத் திருப்பும்போது 25 ஃபிரேமை 24 என்று மாற்றி, ஒலியின் 48,000ஐ 46,080 என்று வாசிக்கச் சொல்லி மறுபடி 48,000க்குக் கொண்டுவர வேண்டும். குரல் பழைய கனத்துக்கு வரும். செய்யுமுன் படப் பாட்டை இசைத்தட்டோடு ஒப்பிடுங்கள்: தட்டில் 4:10 ஓடும் அதே பாட்டு கேசட்டில் 4:00 ஓடி, சுருதி முக்கால் அரைச்சுரம் ஏறியிருந்தால் கணக்கு சரி. தியேட்டர் திரையைக் கேமராவால் எடுத்த திருட்டுக் கேசட்டில் இந்தக் கணக்கு பலிக்காது. அதில் படம் மினுக் மினுக்கென்று துடிக்கும்.

சினிமாஸ்கோப் படங்களுக்குப் பரிகாரம் இல்லை. தமிழில் 1973இன் ‘ராஜராஜ சோழ’னோடு தொடங்கிய அந்த அகலத்தை டிவியின் சதுரத்துக்குள் அடைக்க, பக்கவாட்டில் 40 சதவீதத்துக்கு மேல் வெட்டினார்கள். டைட்டில் ஓடும்போது மட்டும் எழுத்துகள் ஒடுங்கி நெட்டையாக இருந்தால், அந்தப் பகுதியில் மட்டும் முழு அகலமும் இருக்கிறது. அதைத் தனியாக 2.35க்கு இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், தொழில்நுட்பக் கலைஞர்களின் பெயராவது முழுசாகக் கிடைக்கும்.

கேசட்டில் விட்டுப்போன பாட்டை வீடியோ சிடியிலிருந்து எடுக்க நேர்ந்தால் ‘டாட்’ ஃபைலைச் சாதாரணமாகக் காப்பி செய்ய முயலாதீர்கள். அந்தத் தட்டில் பிழை திருத்தும் தரவு குறைவு, ஒரு கீறலுக்கே காப்பி பாதியில் நிற்கும். ஐஎஸ்ஓபஸ்டர் போன்ற மென்பொருளில் செக்டர் செக்டராக எடுங்கள். 352க்கு 288 அளவுதான் வரும். ஒட்டிய இடம் தெரியத்தான் செய்யும், மறைக்க வேண்டியதில்லை.

படம் வெளியான அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுவரை காப்புரிமை உண்டு. அதற்குள் வரும் படத்தை இணையத்தில் ஏற்றுவது உரிமைக்காரரின் அனுமதியோடு மட்டும். சொந்தப் பார்வைக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. உரிமைக்காரரையோ வாரிசையோ கண்டுபிடித்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி கொடுங்கள்; பல சமயம் அவர்களிடமே படம் இருக்காது. இழப்பில்லாத மூலப் பதிவை இரண்டு டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள்; திருத்திய பிரதி வேறு ஃபோல்டரில். கூடவே ஒரு உரைக் கோப்பு: எந்தக் கேசட், எங்கே கிடைத்தது, எந்த டெக், எத்தனை ஓட்டம், சர்டிபிகேட் நீளம், எந்த நிமிடத்தில் என்ன இல்லை, எது சிடியிலிருந்து ஒட்டியது. கேசட்டை முழுசாக ரீவைண்ட் செய்து, நிறைந்த ரீல் கீழே வருமாறு செங்குத்தாக நிறுத்தி, ஸ்பீக்கரும் சுவரில் ஏறும் வெயிலும் இல்லாத அலமாரியில் வையுங்கள். ஹெட்டிலிருந்து ஆர்எஃப் சிக்னலை (டேப்பிலிருந்து ஹெட் படிக்கும் மூலச் சிக்னல்) நேரடியாக எடுத்து மென்பொருளிலேயே படமாக்கும் முறை இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு மறுபடி அந்த டேப்தான் வேண்டும்.